இறையிலி: ஆளா, நிலமா?

போன மாதம் கொடைக்கானலில் ஒரு வாசகர் கூட்டம். பேச்சாளர் தாம் மொழிபெயர்த்த கட்டுரை ஒன்றை வாசித்தார். நாத்திகர்களை அவர்கள் நம்புவதை வைத்தும் மதிப்பதை வைத்தும் வகை பிரிக்க முடியுமா என்பது பொருள். நல்ல பொருள்தான். ஆனால் நாத்திகர் என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'இறையிலி' என்றார். தீவிர இறையிலி, அறிவுசார் இறையிலி, சடங்கு இறையிலி. நான் முப்பது வருஷம் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவன். அவர் சொல்லச் சொல்ல என் கண்ணில் நின்றது ஆள் அல்ல, வரியில்லாத நிலம்.

இறை என்றால் வரி. கோயிலுக்கு வரி நீக்கி விட்ட நிலத்தைச் சோழர் கல்வெட்டுகள் 'இறையிலி தேவதானம்' என்கின்றன. ஆக, சாமியே இல்லை என்கிறவரைப் பிடித்துச் சாமி நிலமாக்கியாயிற்று. இதைச் சொன்னேன். "பழைய பொருள் யாருக்கு ஞாபகம் இருக்கு? இறைவன்ல இருந்துதானே இறை" என்றார். குறளைத் திறந்தால் அதுவும் நிற்காது. இறைமாட்சி அதிகாரம் அரசனைப் பற்றியது. 733-ஆம் குறள் 'இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு' என்கிறது. அங்கே இறைவன் அரசன், இறை வரி. அந்தக் கணக்கில் 'இறைமறுப்பாளர்' என்றால் கிஸ்தி கட்டாதவர். அப்படிப் பலரை இந்த மலையிலேயே எனக்குத் தெரியும். எல்லாரும் பெரிய பக்திமான்கள்.

அடுத்து அந்த 'இலி'. அறிவிலி, நாணிலி, ஏதிலி: இருக்கவேண்டியது இல்லாமல் போனவர் என்ற தொனி இதில் ஒட்டிக்கொண்டே வரும். சிவனைப் 'பிறப்பிலி' என்கிறோமே என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். சரியான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் யோசித்து, வாதிட்டு, வீட்டில் சண்டை போட்டு 'இல்லை' என்ற முடிவுக்கு வந்தவரை, ஏதோ தொலைத்துவிட்டவர் போல ஏன் அழைக்கவேண்டும்? அவர் ஒன்று இல்லாதவர் அல்ல, ஒன்றை இல்லை என்பவர்.

நாத்திகம் என்ற சொல்லைப் பேச்சாளர் விரட்டியதற்குக் காரணம் அது வடசொல் என்பது. வடசொல்தான். 'ந அஸ்தி', இல்லை. பாணினியின் சமஸ்கிருத இலக்கணத்திலேயே உண்டு. மனுஸ்மிருதி அதற்கு வைத்த அளவுகோல் கடவுள் அல்ல, வேதம், வேதத்தை இகழ்பவன் நாத்திகன் (2.11). அதனால்தான் சமணரும் பௌத்தரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். வேதச் சடங்கே போதும், படைத்தவன் ஒருவன் வேண்டியதில்லை என்ற மீமாம்சகர் ஆத்திகராகவே இருந்தார். தமிழில் வந்து தங்கியபின் சொல்லின் பொருள் கடவுள் பக்கம் சாய்ந்துவிட்டது. டீக்கடை வரை புழங்கும் சொல். இருந்துவிட்டுப் போகட்டும்.

தூய தமிழ்தான் வேண்டும் என்றால் 'கடவுள் மறுப்பாளர்' இருக்கிறது. ஒரே குறை, அது மறுக்கிறவருக்கு மட்டும் பொருந்தும். இங்கேதான் வகை பிரிப்பது உதவுகிறது. நம்பிக்கையை மட்டும் வைத்துப் பிரித்தால் வகை அதிகம் தேறாது: இல்லை என்பவர், நம்பாமல் சும்மா இருப்பவர், அறிய முடியாது என்பவர். மூன்றாமவருக்கு 1869-ல் ஆங்கிலேய அறிவியலாளர் ஹக்ஸ்லி 'அக்னாஸ்டிக்' என்று பேர் வைத்தார். அதை நம்மவர்கள் 'ஐயவாதி' என்கிறார்கள். ஐயம் எதன்மேலும் வரும். மின்கட்டண ரசீதின்மேலும் வரும். 'அறியவொண்ணாது என்பார்' என்று நீட்டிச் சொன்னால் என்ன நஷ்டம்?

மதிப்பதையும் சேர்த்தால்தான் கிளை பிரியும். பெரியாரின் 'கடவுளை மற, மனிதனை நினை' என்பதையே பாருங்கள். முதல் பாதி நம்பிக்கை பற்றியது, மறுபாதி விழுமியம். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியைத் தொடாதவர் உண்டு. அவரும் இரண்டு பாதியையும் ஏற்றவரும் ஒரே வகையா? 2013-ல் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா பல்கலைக்கழகத்தில் சில்வர், கோல்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நம்பாதவர்களை ஆறாகப் பிரித்தார்கள். படித்து விவாதிப்பவர், களத்தில் இறங்குபவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், மதத்தையே எதிர்ப்பவர், அந்தப் பேச்சில் அக்கறை அற்றவர், சடங்கை விடாதவர். ஒருவரே இரண்டு மூன்றில் கால் வைத்திருக்கலாம். மனிதர்களைப் பிரித்தால் அப்படித்தான் இருக்கும்.

பேச்சாளர் கட்டுரையில் இந்த வகைகள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மதத்தை எதிர்ப்பவர் 'எதிர் இறையிலி' ஆகியிருந்தார். இறையிலிக்கே எதிரி என்றால் பக்தர் அல்லவா? 'சடங்கு இறையிலி' என்றதும் பக்கத்தில் இருந்தவர், சடங்கே வேண்டாம் என்பவர் போல என்று தலையாட்டினார். நேர் தலைகீழ். சடங்கு விடாத நாத்திகர் என்றிருந்தால் எங்கள் பண்ணைக்காட்டு டீக்கடைக்காரர் உடனே பிடித்திருப்பார். அவர் அந்த வகைதான். சாமி கிடையாது என்பார், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பார், பேரனுக்கு மொட்டை போட்டதும் அங்கேதான். கேட்டால், "ஊரோட நடக்கிறேன்ணே, முருகனோட இல்ல."

இன்னொரு வழக்கம், நாத்திகர் என்று சொல்லக் கூச்சப்பட்டுப் 'பகுத்தறிவாளர்' என்பது. பகுத்தறிவு யோசிக்கும் முறை, நாத்திகம் போய்ச் சேர்ந்த முடிவு. முறையின் பேரை முடிவுக்கு வைத்தால், யோசிக்காமலே நாத்திகரான என் மைத்துனரையும் பகுத்தறிவாளர் என்று கும்பிடவேண்டி வரும்.

அக்கறையே இல்லாதவருக்கு மட்டும் எனக்கும் நல்ல சொல் அமையவில்லை. 'கடவுள் கவலை இல்லாதவர்' என்று எழுதிப் பார்த்தேன். சாமியே துணை என்று நிம்மதியாக இருப்பவரையும் அது குறித்துவிடுகிறது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அந்தப் பக்கமே போகாதவங்க" என்றார். இப்போதைக்கு அதையே எழுதி வைத்திருக்கிறேன்.