ஆர்செனிக்கை அளந்தவர்களும் அளக்காமல் விட்டவையும்

இருபதாம் நூற்றாண்டில் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறைவேற்றப்பட்ட பெண்களின் வழக்குகளைப் படிப்பவர்கள் ஒரே தனிமத்தைத் திரும்பத் திரும்பச் சந்திப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டெய்சி டி மெல்கர் (1932), இங்கிலாந்தின் சார்லட் பிரையன்ட் (1936), ஒஹாயோ மாநிலத்தின் அன்னா மேரி ஹான் (1938), அலபாமாவின் ரோண்டா பெல் மார்ட்டின் (1957), வட கரோலினாவின் வெல்மா பார்ஃபீல்டு (1984) ஆகிய ஐவரின் வழக்குகளிலும் மையமாக இருந்தது ஆர்செனிக். இந்த நஞ்சைப் பெண்களுக்கே உரியதாகப் பேசுவது பிழை. 1922இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் என்ற வழக்கறிஞரும் இதே நஞ்சால் மனைவியைக் கொன்றதாகத் தீர்ப்பாகித் தூக்கிலிடப்பட்டார். இறந்தவரின் உடலிலிருந்து வேதியியலர் ஆர்செனிக்கை எப்படிக் கண்டெடுக்கிறார், கண்டெடுத்த அளவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதே இங்கு நாம் பார்க்க வேண்டியது.

கொலைக்குப் பயன்பட்டது பெரும்பாலும் வெள்ளைப் பாஷாணம் எனப்படும் ஆர்செனிக் டிரையாக்சைடு. எலிகளையும் களைகளையும் அழிப்பதற்கென்று இதன் கலவைகள் கடைகளில் விற்கப்பட்டன. மணமோ குறிப்பிடத்தக்க சுவையோ இல்லாத இந்தப் பொருள் உடலுக்குள் சென்றதும் கந்தக அணுக்களைத் தேடிப் பற்றிக்கொள்கிறது. உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் நொதிகள் சில, ஒன்றையொன்று அடுத்திருக்கும் இரண்டு கந்தக அணுக்களைக் கொண்டே இயங்குகின்றன. ஆர்செனிக் அவ்விரண்டையும் சேர்த்துப் பிணைத்துவிடுவதால் நொதி செயலற்றுப் போகிறது, செல்லின் ஆற்றல் உற்பத்தி நின்றுவிடுகிறது. வெளியே தெரிபவை வாந்தி, வயிற்றுப்போக்கு, கால் தசைப்பிடிப்பு ஆகியவைதான். இவை சாதாரண இரைப்பைக் குடல் அழற்சியின் அறிகுறிகளும் என்பதால், நோயாளியை நேரில் பார்த்த மருத்துவர்களே ஏமாந்திருக்கிறார்கள். பார்ஃபீல்டு வழக்கில் இறந்தவருக்கும் முதலில் அந்த நோய்தான் கூறப்பட்டது.

ஆர்செனிக் ஒரு தனிமம் என்பதே அதைப் பயன்படுத்துபவருக்கு எதிராகத் திரும்புகிறது. தாவர நஞ்சுகள் காலப்போக்கில் சிதையலாம், தனிமம் சிதைவதில்லை. உடல் மண்ணில் மக்கிய பிறகும் அது எங்காவது இருந்தே தீரும். 1832இல் இங்கிலாந்தில் ஜான் பாடில் என்பவர் மீதான வழக்கில் வேதியியலர் ஜேம்ஸ் மார்ஷ் ஆர்செனிக்கை மஞ்சள் நிற வீழ்படிவாகப் பிரித்தெடுத்தும், நடுவர் குழுவினர் முன் அதை வைத்தபோது அது கெட்டுப்போயிருந்ததால் அவர்கள் நம்பவில்லை, பாடில் விடுதலையானார். இதனால் வருந்திய மார்ஷ், 1836இல் ஒரு புதிய சோதனையை வெளியிட்டார். துத்தநாகத்தின் மீது அமிலம் படும்போது ஹைட்ரஜன் வெளிப்படும். அந்தக் கலவையில் ஆர்செனிக் இருந்தால் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆர்சைன் என்ற வாயுவாகும். அந்த வாயுவைச் சூடான கண்ணாடிக் குழாய் வழியே செலுத்தினால் ஆர்செனிக் மட்டும் பிரிந்து, கண்ணாடிச் சுவரில் கறுத்துப் பளபளக்கும் படலமாகப் படியும். ஆன்டிமனி என்ற வேறொரு தனிமமும் இத்தகைய படலத்தைத் தரும் என்பதால், சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில் கரைகிறதா என்றும் பார்ப்பார்கள். கரைந்தால் ஆர்செனிக், கரையாவிட்டால் ஆன்டிமனி. பின்னர் வந்த வேதியியலர்கள் இச்சோதனையை அளவறியும் முறையாகவும் வளர்த்தெடுத்தார்கள்.

முடியும் நகமும் இதைவிட விரிவாகப் பேசுகின்றன. இரண்டும் கெரட்டின் என்ற, கந்தகம் மிகுந்த புரதத்தால் ஆனவை. உட்கொண்ட ஆர்செனிக்கில் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரோடு வெளியேறிவிட, ஒரு சிறு பகுதி அப்போது வளர்ந்துகொண்டிருக்கும் முடியின் வேரில் கந்தகத்தோடு பிணைந்து தங்கிவிடுகிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்வதால், அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தால், நஞ்சு ஒரே முறை தரப்பட்டதா, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் தரப்பட்டதா என்பது தெரியவரும்.

டெய்சி டி மெல்கரின் வழக்கில் இந்த அறிவு நேரடியாகப் பயன்பட்டது. அவருடைய இருபது வயது மகன் ரோட்ஸ் 1932 மார்ச்சில் இறந்தபோது, மூளை மலேரியா என்று சான்றளிக்கப்பட்டது. அவருடைய முன்னாள் கணவர்கள் இருவரும் 1923இலும் 1927இலும் இறந்திருந்ததால் சந்தேகம் எழுந்து, மூன்று உடல்களும் தோண்டியெடுக்கப்பட்டன. மகனின் உடலில் ஆர்செனிக் இருந்தது. மகனின் காப்பியைப் பகிர்ந்து குடித்து, நோயுற்றுப் பிழைத்திருந்த நண்பர் ஒருவரின் முடியிலும் நகத்திலும்கூட அது இருந்தது. டெய்சி தம் பழைய குடும்பப் பெயரில் கையொப்பமிட்டு ஆர்செனிக் வாங்கியதற்கு மருந்துக்கடைப் பதிவேடு சான்றாக நின்றது. கணவர்களின் எலும்புகளிலோ ஸ்ட்ரிக்னைன் என்ற தாவர நஞ்சின் தடயமே கிடைத்தது. அந்தத் தடயத்தைக் கொண்டு அவர்கள் ஸ்ட்ரிக்னைனால்தான் இறந்தார்கள் என்று உறுதிசெய்ய முடியாது என்று கருதிய நீதிபதி கிரீன்பெர்க், அவ்விரு குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்து, மகனின் கொலைக்கு மட்டும் தண்டித்தார். 1932 டிசம்பர் 30 அன்று பிரிட்டோரியாவில் அவர் தூக்கிலிடப்பட்டார். மரண தண்டனையை எப்படி மதிப்பிட்டாலும், ஒரு நஞ்சு உடலில் இருப்பதும் அதனால் மரணம் நேர்ந்ததும் வேறு வேறு என்று அந்த நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது போற்றத்தக்கது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் அத்தகைய கவனம் இல்லாமல் போனது. டார்செட் பகுதியில் பண்ணைத் தொழிலாளியாக இருந்த ஃபிரெடரிக் பிரையன்ட் பல முறை வயிற்று நோயால் துன்புற்று, 1935 டிசம்பர் 22 அன்று இறந்தார். அவர் உடலில் ஆர்செனிக் இருந்தது குறித்து ஐயமில்லை. ஐயமெல்லாம் அதைக் கொடுத்தது யார் என்பதில்தான். அவருடைய மனைவி சார்லட் எழுதப் படிக்கத் தெரியாதவர். பெயருக்குப் பதிலாகப் பெருக்கல் குறியிட்டு ஒரு பெண் ஆர்செனிக் களைக்கொல்லி வாங்கியிருந்தார். ஆனால் அதை விற்ற மருந்துக்கடைக்காரரால் சார்லட்டை அடையாளம் காட்ட இயலவில்லை. எனவே களைக்கொல்லி டின் அந்த வீட்டிலேயே எரிக்கப்பட்டது என்று காட்டுவது அரசுத் தரப்புக்கு முக்கியமாயிற்று. வெந்நீர்க் கொப்பரையின் அடுப்புச் சாம்பலில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 149 பங்கு ஆர்செனிக் இருந்ததாகவும், வழக்கமான நிலக்கரிச் சாம்பலில் சுமார் 45 பங்குதான் இருக்கும் என்றும், ஆகவே ஆர்செனிக் கலந்த ஏதோவொன்று அங்கு எரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் உள்துறையின் பகுப்பாய்வாளர் ரோச் லிஞ்ச் சாட்சியம் அளித்தார்.

இந்தச் சாட்சியத்தைச் செய்தித்தாளில் படித்த லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் போன் திடுக்கிட்டார். எரிபொருள் வேதியியலே அவருடைய துறை. நிலக்கரி உருவாகும்போதே ஆர்செனிக் கலந்த கந்தகத் தாதுக்கள் அதில் சேர்ந்துவிடுகின்றன. எரியும்போது கரிமப் பகுதி போய்விட, எஞ்சும் சாம்பலில் ஆர்செனிக்கின் செறிவு கூடுகிறது. சாதாரணச் சாம்பலில்கூட 140 பங்குக்குக் குறையாது, பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு இருக்கும் என்று அவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு எழுதினார். அப்படியானால் அந்த அடுப்புச் சாம்பல் சந்தேகத்துக்குரியதே அல்ல. ஆனால் தலைமை நீதிபதி ஹூவர்ட் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் போனின் சாட்சியத்தைக் கேட்கவே மறுத்தது. 1936 ஜூலை 15 அன்று எக்ஸிடர் சிறையில் சார்லட் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராக வேறு சான்றுகளும் இருந்தன. சாம்பல் வாதம் நீங்கியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஓர் உயிரை எடுக்கும் தீர்ப்பில் பிழையான ஓர் எண்ணைத் திருத்தும் வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதை ஆறுதலோடு படிக்க முடியவில்லை.

149 என்ற எண் சரியாகவே அளக்கப்பட்டிருக்கலாம். அதை உயர்ந்தது என்று தீர்மானித்தது 45 என்ற மற்றோர் எண், அதுதான் தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆர்செனிக் மண்ணிலும் நீரிலும் கடலுணவிலும் இயல்பாகவே இருப்பதால், எந்த அளவையும் சுற்றுப்புறத்தின் இயல்பு அளவோடு ஒப்பிட்டே பேச வேண்டியிருக்கிறது. தோண்டியெடுத்த உடல்களிலும் இதே சிக்கல் உண்டு. பிரான்சில் பன்னிரண்டு பேரை நஞ்சிட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மாரி பெனார் 1961இல் விடுவிக்கப்பட்டதற்கு, கல்லறை மண்ணிலுள்ள ஆர்செனிக்கை நுண்ணுயிரிகள் கரையும் வடிவத்துக்கு மாற்ற, அது புதைந்த முடிக்குள் ஊடுருவக்கூடும் என்ற வாதமும் உதவியது. இதனால்தான் கல்லறையைத் திறக்கும்போது சவப்பெட்டியின் மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள மண்ணையும் மாதிரிகளாக எடுக்கிறார்கள்.

இன்று நிறமாலைக் கருவிகள் ஒற்றை முடியின் குறுக்குவெட்டில் லேசரைச் செலுத்தி, ஆர்செனிக் வெளிப்புறத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறதா, உள்ளே இரத்தத்தின் வழியே வந்திருக்கிறதா என்று ஆராய உதவுகின்றன; கடலுணவிலிருந்து வரும் தீங்கற்ற ஆர்செனிக் சேர்மங்களையும் நஞ்சான வடிவங்களையும் பிரித்தறிகின்றன. சார்லட் பிரையன்ட்டின் அடுப்புச் சாம்பலைச் சோதிக்க இவை எதுவும் தேவைப்பட்டிருக்காது. அதே நிலக்கரியை எரித்த நாலைந்து வீடுகளின் சாம்பலை, 1936இல் இருந்த முறையிலேயே அளந்து பார்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.