பழைய புல்லட்டில் ரிலே: பொருத்தும் முன் அளந்து பாருங்கள்

சென்ற வாரமும் ஒரு பழைய புல்லட் 350ஐப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் ரிலேவுக்கு (சின்ன கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்) இழுத்திருந்த ஒயர், ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் சேசிஸில் உரசித் தோல் உரிந்து, எர்த் ஆகி, ஒயர்க் கட்டு முழுவதையுமே உருக்கியிருந்தது. பெட்ரோல் டேங்குக்கு அடியில் நடந்த காரியம் இது. உரிமையாளர் சொன்ன காரணம் நான் சலிக்கச் சலிக்கக் கேட்டதுதான்: “ரிலே போட்டால் ஸ்பார்க் வலுவாகும் என்றார்கள்.”

ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜை உண்டாக்கும் காயில் எதற்கும் ரிலே புதிதாக வலுவூட்டுவதில்லை. தேய்ந்த சாவி சுவிட்சிலும் பச்சை பூத்த இணைப்புகளிலும் வோல்டேஜ் குறைந்துபோனால், அந்த இழப்பை மட்டுமே அது தவிர்க்கும். 12 வோல்ட் காயில் 3, 4 ஆம்பியர் இழுக்கும். ரிலே சுமார் 0.2 ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் பழைய சுவிட்சின் சுமை குறைகிறது, அவ்வளவுதான். இழப்பே இல்லாத வண்டியில் ரிலே பொருத்தினால், கெட்டுப்போகக்கூடிய பொருள் ஒன்று கூடுமே தவிர வேறு பயனில்லை. காயிலின் கரண்டை இஞ்சின் ஓட்டத்துக்கேற்ப விட்டு நிறுத்தும் பாயிண்ட்ஸ் கருகியிருந்தாலோ, அது கருகாமல் காக்கும் கண்டன்சர் செத்துப்போயிருந்தாலோ ரிலே சரிசெய்யாது.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். பாயிண்ட்ஸ் மூடியிருக்கும் நிலையில் இஞ்சினை நிறுத்தி, சாவியைப் போட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையைக் காயிலின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் ரிலே வேண்டாம். அதற்கு மேல் போனால் சுவிட்சையும் இணைப்புகளையும் சுத்தம் செய்து, மறுபடி அளந்த பிறகு முடிவெடுங்கள். பாயிண்ட்ஸ் திறந்திருந்தால் காயிலில் கரண்டே ஓடாது. அந்த நிலையில் அளந்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று அனுப்பிவைக்கும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அளந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள், காயில் சூடேறும்.

பொருத்தத்தான் வேண்டுமென்றால், பேட்டரி பாசிட்டிவை ஒட்டி 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று குறித்த முனை; 87இலிருந்து காயில்; சாவி வழி வரும் பழைய ஒயர் 86க்கு; 85 எர்த்துக்கு. கில் சுவிட்ச் (இஞ்சினை உடனே நிறுத்தும் ஹேண்டில் சுவிட்ச்) உள்ள வண்டியில் 86க்கு வரும் கரண்ட் அதன் வழியாகவே வர வேண்டும், இல்லாவிட்டால் அவசரத்தில் அதை அழுத்தினாலும் இஞ்சின் நிற்காது. காயிலுக்கும் பாயிண்ட்ஸுக்கும் நடுவில் ரிலேவைக் கொடுக்கவே கூடாது. 3000 ஆர்பிஎம்மில் பாயிண்ட்ஸ் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது, ரிலே அந்த வேலைக்கானதல்ல. 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் ரிலேவை மாட்டாதீர்கள். மழைத்தண்ணீர் தேங்காதபடி முனைகள் கீழ்நோக்கி இருக்கட்டும்.

வழியில் ரிலே செத்துவிட்டால் 30, 87 ஒயர்களை நேராகச் சேர்த்து வீடு போய்ச் சேரலாம். ஆனால் அப்போது சாவியை அணைத்தாலும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு, தயவுசெய்து, ஃபியூஸைக் கழற்றுங்கள்.