இடைமுகம்: ஒரு கருவி, பல முகம்

யூஎஸ்பி பற்றிய பேச்சில் 'இன்டர்ஃபேஸ்' என்று வந்ததும், கேபிளைச் செருகும் அந்தச் சின்ன ஓட்டைதான் பலருக்கு ஞாபகம் வரும். அது போர்ட், தமிழில் துறை. இன்டர்ஃபேஸ் வேறு சங்கதி.

லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையே, 'ஃபேசியஸ்' என்றால் தோற்றம், முகம். 19ஆம் நூற்றாண்டில் இன்டர்ஃபேஸ் ஓர் இயற்பியல் சொல்: எண்ணெயும் நீரும் போல ஒட்டி நிற்கும் இரண்டு பொருள்களைப் பிரிக்கும் பரப்பு. கணினித் துறை அதைப் பிற்பாடு எடுத்துக்கொண்டது.

தமிழில் இடைமுகம் என்கிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தது போலத் தோன்றினாலும், எனக்கு அதில் குறை தெரியவில்லை. தமிழில் முகம் என்பது கண்ணும் மூக்கும் உள்ள முகம் மட்டுமல்லவே. ஆறு கடலைத் தொடும் இடம் கழிமுகம். கப்பல் கரையைத் தொடும் இடம் துறைமுகம். ஒன்று மற்றொன்றைச் சந்திக்கும் இடத்துக்கு முகம் என்று பெயர் வைப்பது நமக்குப் பழைய பழக்கம்தான். சிலர் இடைமுகப்பு என்றும் எழுதுகிறார்கள். முகப்பு கட்டடத்தின் முன்பக்கம் என்பதால், திரையில் தெரியும் பொத்தான், பட்டியல் போன்றவற்றுக்கு அது பொருந்தும். இங்கே இடைமுகமே சரி.

1996இல் வந்த யூஎஸ்பி தர வரையறை இந்தச் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று கொடுத்தது. கருவி செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடைமுகம். மைக் வைத்த ஹெட்செட்டை லினக்ஸ் கணினியில் செருகி, யூஎஸ்பி மரத்தை, அதாவது இணைந்திருக்கும் கருவிகளைக் கிளை கிளையாகப் பட்டியலிட்டுக் காட்டும் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கையில் இருப்பது ஒரே கருவி; திரையில் பெரும்பாலும் நான்கு வரி. ஒலியைக் கட்டுப்படுத்த ஒன்று, காதுக்குப் போகும் ஒலிக்கு ஒன்று, மைக்கிலிருந்து வரும் ஒலிக்கு ஒன்று, ஒலியளவுப் பொத்தான்களுக்கு ஒன்று. முதல் மூன்றும் ஒலி டிரைவரிடம் இருக்கும் (டிரைவர் என்பது கருவியோடு பேசும் மென்பொருள்). நான்காவது, விசைப்பலகையையும் மவுசையும் பார்த்துக்கொள்ளும் டிரைவரிடம் இருக்கும். டிரைவர் பிடித்துக்கொள்வது கருவியை அல்ல, இடைமுகத்தை.

டிரைவருக்குத் தமிழ் இயக்கி. வண்டி ஓட்டுபவரைப் போல ஓட்டுநர் என்று எழுதாமல் விட்டார்களே, நல்லது. இயங்குவது இயங்குதளம் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்), கருவியை இயக்குவது இயக்கி. தன்வினையும் பிறவினையும் அழகாக ஜோடி சேர்கின்றன. (பழைய தமிழில் இயக்கி என்றால் யட்சி, ஒரு பெண் தெய்வம். கூப்பிடாமலே வந்து வேலை பார்ப்பதில் பொருத்தம்தான்.)

சரி, எந்த முகம் யாருக்கு என்று யார் முடிவு செய்வது? செருகியவுடன் கருவிக்கு முகவரி 0. கணினி அதற்கு 1 முதல் 127க்குள் ஒரு முகவரி தந்து, 'நீ யார்?' என்று கேட்கிறது. முதலில் வருவது 18 பைட் விவரக்குறிப்பு: தயாரிப்பாளர் எண், பொருள் எண் எல்லாம் அதில். அப்புறம் ஒவ்வோர் இடைமுகத்துக்கும் 9 பைட். அதில் ஒரு பைட் வகுப்பு எண்: 1 என்றால் ஒலி, 3 என்றால் விசைப்பலகை, மவுசு வகை, 8 என்றால் சேமிப்பகம். இயங்குதளம் அந்த எண்ணைப் பார்த்து இயக்கியைக் கோக்கிறது. பென்டிரைவ் பெரும்பாலான கணினிகளில் எதையும் நிறுவாமல் திறப்பது இந்த 8ஆல்தான்.

இயக்கி கம்பியை நேரடியாகத் தொடுவதில்லை. கேட்க வேண்டியதை ஒரு கோரிக்கையாகக் கட்டி, கணினிக்குள் யூஎஸ்பி துறைகளைக் கவனிக்கும் வன்பொருளான யூஎஸ்பி கட்டுப்படுத்தியின் இயக்கியிடம் கொடுத்துவிடும். வழக்கமான வேலையில் கருவியும் தானாக வாய் திறக்காது. மவுசிடம்கூட சில மில்லிநொடிக்கு ஒருமுறை 'ஏதாவது உண்டா?' என்று கணினிதான் கேட்கிறது. அந்தப் பரிமாற்றத்துக்குக் குறுக்கீடு (இன்டரப்ட்) என்று பெயர் வைத்திருப்பதுதான் வேடிக்கை. அங்கே யாரும் குறுக்கிடுவதில்லை.

ஒருமுறை எனக்கு ஒரு ஹெட்செட்டில் பாட்டு கேட்டது, ஒலியளவுப் பொத்தான் மட்டும் ஊமை. கேபிளை மாற்றினேன், துறையை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் மரத்தைப் பார்த்தால் நான்காவது இடைமுகம் 3 என்று சொல்லாமல் 255 என்று சொல்லிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளரின் சொந்த வகை என்று அதற்குப் பொருள். பொது இயக்கி அதைத் தொடவே இல்லை. அந்த வரியில் இயக்கியின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.