குண்டு விழுந்த நாடு எதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும்?

மொழிபெயர்ப்புப் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. இந்த வாரமும் ஒன்று வந்தது: அண்டை நாட்டின் குண்டுவீச்சுக்கு, குண்டு விழுந்த நாட்டின் அரசு ‘வருத்தம் தெரிவித்தது’. ஆங்கில மூலத்தைப் பார்த்தால், எதிர்பார்த்தபடியே, ‘டிப்ளோர்’ (deplore). எத்தனை முறைதான் இதையே அடித்துத் திருத்துவது?

டிப்ளோருக்கு ‘வருந்து’ என்று பொருள் தரும் அகராதி பொய் சொல்லவில்லை. லத்தீனில் ‘ப்ளோராரே’ என்றால் வாய்விட்டு அழுவது. முன்னால் ‘டே’ சேர்ந்தால் அழுது தீர்ப்பது. மன்றாடுவதைக் குறிக்கும் ‘இம்ப்ளோர்’ இதற்கு உடன்பிறப்பு. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் டிப்ளோர் புலம்பல்தான். பிறகு கண்ணீர் வற்றி, ‘இது நடந்திருக்கவே கூடாது’ என்ற கடும் அதிருப்தி முன்னுக்கு வந்துவிட்டது. அகராதியின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

தமிழ்ச் செய்தியில் யார் வருத்தம் தெரிவிப்பார்கள்? மேடையில் உளறிவிட்டு மறுநாள் சிக்கிக்கொண்ட அமைச்சர் தெரிவிப்பார். அது பாதி மன்னிப்பு. அடி வாங்கியவன் வாயில் அதை வைத்தால், அவன்தான் தப்புச் செய்தான் என்று வாசகர் படிப்பார். படிக்கிறார்கள்; கடிதமும் போடுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் எதைக் கண்டாலும் ‘வன்மையாகக் கண்டித்தது’ என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடும். கண்டிப்பதற்கான ஆங்கிலச் சொல் ‘கண்டெம்’ (condemn); ராஜதந்திரத்தில் அது டிப்ளோரைவிட ஒரு படி மேலே நிற்பது. தண்டனை விதிக்கும் நீதிமன்ற வாடை அதற்கு உண்டு. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் குறித்து ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் வாக்கெடுப்புக்கு வந்த வரைவில், முன்பு இருந்த கண்டெம்மை டிப்ளோராக இறக்கியிருந்தார்கள். சீனா எதிர்த்து வாக்களிக்காமல் விலகி நின்றது. ரஷ்யாவோ வீட்டோ செய்தது. மார்ச் 2 அன்று 141 நாடுகள் ஆதரித்த பொதுச்சபைத் தீர்மானத்தில் இரண்டு சொல்லும் உண்டு. முகவுரையில், அணு ஆயுதப் படைகளின் ஆயத்தநிலையை ரஷ்யா உயர்த்தியதற்குக் கண்டெம். முடிவுகளைச் சொல்லும் செயற்பகுதியில், ஆக்கிரமிப்புக்கு ‘மிகக் கடுமையான சொற்களில்’ டிப்ளோர். இரண்டையும் கண்டனம் என்றே எழுதிவிட்டால், பேரம் பேசி இறக்கிய படி தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆகவே, தயவுசெய்து: டிப்ளோருக்குக் ‘கடும் அதிருப்தி’ என்று எழுதுங்கள்; கண்டனத்தைக் கண்டெம்முக்கு விட்டுவையுங்கள். ‘மிகக் கடுமையான சொற்களில்’ என்ற ஒட்டு மூலத்தில் இருந்தால் விடாதீர்கள். இல்லாவிட்டால் நீங்களாகச் சேர்க்காதீர்கள். நல்ல ஆங்கிலத்தில் டிப்ளோர் செய்யப்படுவது செயல்தான், ஆள் அல்ல. ‘ரஷ்யா மீது அதிருப்தி’ என்று சுருக்காமல் எந்தச் செயல் மீது என்று எழுதுங்கள். தலைப்பில் இடம் போதவில்லை என்கிறீர்களா? ‘ஐ.நா. அதிருப்தி’ என்று போடுங்கள். ‘ஐ.நா. கண்டனம்’ என்பதைவிட ஓர் எழுத்துகூடக் கூடுதல் இல்லை.