பேசாத கிளியின் கொண்டையும் கண்ணும்

தக்கலைக்கு அருகே எங்கள் தெருவில் வசிக்கும் அத்தை ஒருவர், போன கார்த்திகையில் சாம்பல் நிறக் காக்டெயில் கிளி ஒன்றை வாங்கி, ஓட்டு வீட்டுத் திண்ணையின் நடுவே உத்தரத்திலிருந்து கூண்டைத் தொங்கவிட்டார். வைகாசியில் நான் போனபோது அவருக்கு ஒரே குறைதான் இருந்தது: "ஆறு மாசமாச்சு மக்களே, ஒரு வார்த்த பேச மாட்டேங்கு." அவர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கிளி கொண்டையைக் குத்திட்டு நிமிர்த்தியது, உடம்பு இறகுகளை இறுக்கி, இருந்த பருமனில் பாதியாக மெலிந்து நின்றது, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் ஓட்டு விளிம்புக்கு வெளியே வானத்தைப் பார்த்தது. தென்னைகளுக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை என்று கேட்டே வளர்ந்ததால், சொன்னதைச் சொல்லாத கிளியை நாம் ஊமை என்று முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் பேசுவது எல்லாக் கிளிகளுக்கும் பொதுவான குணமன்று. கிளிகளுக்கு நம்மைப் போன்ற குரல்நாண்கள் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள சிரிங்ஸ் என்னும் உறுப்பிலிருந்துதான் ஒலி பிறக்கிறது. கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லும் திறன் கிளி இனங்களுக்குப் பொதுவாக இருந்தாலும், காக்டெயிலிலும், லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளில் விற்கப்படும் பட்ஜியிலும் பெண் பறவைகள் மனிதச் சொற்களைப் பழகுவது மிக அரிது. காக்டெயில் ஆண்கள்கூடப் பேச்சைவிடச் சீழ்க்கையில்தான் கெட்டி. அத்தையின் கிளி பெண். வளர்ந்த பிறகும் அதன் வாலடியில் மஞ்சள் வரிகள் மாறாமல் இருந்ததே அதற்கு அடையாளம். (இங்கே பேசப்படுபவை காக்டெயில், பட்ஜி போன்ற அயல்நாட்டு வளர்ப்புக் கிளிகள். நம் தோப்புகளில் திரியும் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைத் தெரியாதவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.)

கிளியின் உடல்மொழியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் அகராதியைத் தந்துவிடுகிறார்கள்: இறகை உப்பினால் இது, வாலை ஆட்டினால் அது. அந்த அகராதி நடைமுறையில் உதவுவதில்லை என்பது என் அனுபவம். ஏனெனில் ஒரே அசைவுக்கு நேர்மாறான இரண்டு பொருள்கள் இருக்கக்கூடும். அந்த அசைவு பறவையின் உடம்பில் என்ன வேலையைச் செய்வதற்காக ஏற்பட்டது என்று தெரிந்துகொண்டால், பொருளை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

இறகிலிருந்து தொடங்கலாம். உடம்பைப் போர்த்தியிருக்கும் ஒவ்வோர் இறகின் வேரையும் நுண்ணிய தசைகள் பக்கத்து இறகுகளின் வேர்களோடு வலைபோல் இணைக்கின்றன. ஒரு வகைத் தசை சுருங்கினால் இறகு எழும்பும். எதிர்வகை சுருங்கினால் படியும். குளிரிலோ அச்சத்திலோ நமக்குப் புல்லரிக்கும்போது மயிர்க்கால்களில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான். நமக்கு அதனால் பயனில்லை, பறவைக்கு அது போர்வை. கிளியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இறகு எழும்பினால் அதற்கும் தோலுக்கும் இடையே காற்று அடைபட்டு, அந்த வெப்பம் வெளியேறாமல் தடுக்கப்படுகிறது. இறகைப் படிய வைத்தால் அந்தக் காற்று வெளியேறிவிடும், உடம்பு காற்றைக் கிழித்துப் பறக்க வசதியாக ஒடுங்கும். ஆகவே பயந்த கிளி மெலிந்து தெரிவதற்குக் காரணம், அது தப்பிப் பறப்பதற்கான உருவத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதுதான்.

உப்பிய இறகைப் படிப்பது இதைவிடக் கடினம். தூக்கத்துக்குத் தயாராகும் கிளியும் உப்பும். இறகு கோதி முடித்ததும் ஒரு நொடி உப்பி, உடம்பைச் சிலிர்த்து உதறிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் கிளியும் உப்பும். காய்ச்சலோ தொற்றோ கண்டு, உடல் வெப்பத்தைத் தக்கவைக்கப் போராடும் கிளியும் உப்பும். முதல் கிளி பெரும்பாலும் ஒற்றைக் காலில் நிற்கும். இறகில்லாத காலின் வழியே வெப்பம் வெளியேறும் என்பதால் மற்றொரு காலை வயிற்று இறகுக்குள் மடித்துக்கொள்ளும். கூடவே கரகரவென்று அரைக்கும் மெல்லிய ஓசையும் கேட்கலாம். கீழ் அலகை மேல் அலகின் உட்புறத்து வரிகளில் தேய்ப்பதால் எழும் அந்த ஓசை, நிம்மதியாகக் கண்ணயரப் போகும் கிளியின் அடையாளம். பல்லைக் கடிக்கிறது என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நோயுற்ற கிளியோ பட்டப்பகலிலும் உப்பியே இருக்கும், இரண்டு கால்களாலும் குச்சியைப் பற்றியிருக்கும் அல்லது கூண்டின் தரையில் ஒடுங்கியிருக்கும், கண்கள் பாதி மூடியிருக்கும், மிகவும் பிடித்த மட்டிப்பழத் துண்டைக் காட்டினாலும் இறகு படியாது. ஆகவே நான் பார்ப்பது உப்பலை அன்று. ஏதாவது ஒன்றைக் காட்டியதும் அந்த உப்பல் இறங்குகிறதா என்பதைத்தான்.

காக்டெயிலுக்குக் கொண்டை இருப்பது வளர்ப்பவருக்கு ஒரு பெரிய உதவி. (கடைக்காரர்கள் காக்டெயில் என்றாலும் மதுக்கலவைக்கும் இதற்கும் தொடர்பில்லை, டச்சு மொழி வழியாக வந்த பெயர் இப்படித் திரிந்துவிட்டது.) குத்திட்ட கொண்டை விழிப்பையோ திடுக்கீட்டையோ காட்டும். பாதி சாய்ந்து, நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும் கொண்டை அமைதியைக் காட்டும். மூன்றாவது நிலையில்தான் நான் ஏமாந்தேன். எங்கள் வீட்டுக்கு முதல் காக்டெயில் வந்த புதிதில், கொண்டையைத் தலையோடு ஒட்டப் படியவைத்துக்கொண்டு நின்ற அதைப் பார்த்து, அடங்கிவிட்டது என்று எண்ணி விரலை நீட்டினேன். அது உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தது, அலகைச் சற்றே திறந்தது, சீறியது. புதிய பறவைதானே, பழகிவிடும் என்று விரலை இன்னும் அருகே கொண்டுபோனேன். தழும்பு இன்னும் இருக்கிறது. நுனி வளைவுகூடத் தெரியாதபடி மண்டையோடு ஒட்டிய கொண்டை, சண்டைக்கு முன் தலையின் உறுப்புகளைக் காத்துக்கொள்ளும் நிலை. பூனையும் நாயும் காதை மடக்கிக்கொள்வதை நினைத்துக்கொள்ளலாம்.

கடிபட்டபோது செய்த இன்னொரு தவறு எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கொண்டை, சாய்வு, திறந்த அலகு, சீற்றம் என்று கிளி நான்கு முறை சொல்லியும் விலகாத கை, கடித்த மறுகணம் விலகிவிட்டது. எந்தச் செயல் பலன் தருகிறதோ அதைத் திரும்பச் செய்வது எல்லா உயிர்களுக்கும் பொதுவான கற்றல். இப்படிப் பத்துமுறை நடந்தால், பலன் தராத முதல் நான்கையும் கிளி விட்டுவிடும். காரணமே இல்லாமல் கடிக்கிறது என்று நாம் சொல்லும் கிளிகள் பலவும் இவ்வாறு உருவானவைதாம். கொண்டை படியத் தொடங்கும்போதே கையை அமைதியாகப் பின்னிழுத்துக்கொண்டால், கிளி கொண்டையோடு நிறுத்திக்கொள்ளும்.

கண்ணுக்கு வருவோம். நம் கண்பாவை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகச் சுருங்கி விரிகிறது. நாம் விரும்பி அதை ஆட்டிவைக்க முடியாது. பறவைகளின் கருவிழித் திரையில் கைகால்களில் உள்ளதைப் போன்ற வரித்தசை இருக்கிறது. ஆதலால் ஆர்வம், கிளர்ச்சி, சினம் ஆகிய நேரங்களில் வெளிச்சம் மாறாமலே கண்பாவை நொடிக்கு நொடி சுருங்கி விரியும். வெளிர்நிறக் கருவிழி கொண்ட ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியிலும் வளர்ந்த பட்ஜியிலும் இது தெளிவாகத் தெரியும். கருங்கண் காக்டெயிலில் தேடினாலும் தெரியாது. கண் இப்படித் துடிப்பது கிளியின் மனம் கொதிநிலையில் இருப்பதை மட்டுமே சொல்லும், அது மகிழ்ச்சியா கோபமா என்பதைச் சொல்லாது. பிடரி இறகுகள் தூக்கி, வால் விசிறிபோல் விரிந்திருந்தால் கையை எடுத்துவிடுவதே நல்லது.

தலையைச் சாய்க்கும் கிளி நம்மிடம் கொஞ்சுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். கிளியின் கண்கள் தலையின் பக்கவாட்டில் உள்ளன. ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டுமானால் ஒரு கண்ணை அதன்பக்கம் திருப்பியாக வேண்டும். மேலே பார்க்க வேண்டுமானால் தலை சாய்ந்தாக வேண்டும். செம்பருந்துக்கு மீனும் செத்ததும்தான் முதன்மை உணவு என்பது நமக்குத் தெரியும். கூண்டுக் கிளிக்கு அந்த வேறுபாட்டைச் சரிபார்க்க நேரமில்லை, வானத்தில் விரிந்த சிறகு எதுவானாலும் அதற்குப் பருந்துதான்.

இறக்கையை உடம்பிலிருந்து சற்றே விலக்கி வைப்பதற்கும் இரண்டு பொருள்கள் உண்டு. ஆண் காக்டெயில், தோள்பட்டைகளை மட்டும் தூக்கி, பின்னாலிருந்து பார்த்தால் இதய வடிவம் தோன்றும்படி நின்று, சீழ்க்கையடித்து, அலகால் கிண்ணத்தைத் தட்டினால் அது காதல் ஆட்டம். இறக்கைகள் தளர்ந்து விலகி, அலகு திறந்து, தொண்டை படபடத்தால் அது வெக்கை. பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். குமரி மாவட்டத்தில், குறிப்பாகக் குளச்சல் முதல் கன்னியாகுமரி வரையிலான கடற்கரை ஊர்களில், சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தமாகும். வெயிலின் அளவு குறைவாகத் தோன்றும் நாளிலும் கிளி திணறக்கூடும். மேற்கூரை தகரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

மூச்சோடு சேர்த்து வாலையும் பார்க்க வேண்டும். வாலை இருபக்கமும் சட்டென்று உதறுவது சாதாரணம். குச்சியில் அசையாமல் இருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுவது ஆபத்து. பறவைக்கு உதரவிதானம் இல்லை. நுரையீரலும் நம்முடையதைப் போல் விரிவதில்லை. மார்பெலும்பு ஏறியிறங்கி, காற்றுப்பைகளைத் துருத்திபோல் இயக்குவதால்தான் காற்று நுரையீரலின் ஊடே ஓடுகிறது. அந்தப் பாதையில் சளியோ வீக்கமோ ஏற்பட்டால் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து உந்த வேண்டியிருக்கும்; அந்த உந்தலே வால்வரை தெரிகிறது. பறந்து களைத்த கிளிக்கும் சிறிது நேரம் வால் ஆடும். ஓய்வில் இருக்கும் கிளிக்கு ஆடினால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் பறவை வேட்டைக்கு இலக்காகும் என்பதால், கிளிகள் முடிந்தவரை மறைத்து, முடியாத நிலையில்தான் வெளிக்காட்டுகின்றன. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்ப்பது இந்த மறைப்பை உடைக்கும். 90 கிராம் எடையுள்ள காக்டெயில் 81 ஆனால், அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு.

பெண் கிளிகளைப் பொறுத்தவரை, அன்பு என்று நாம் செய்வதே தொல்லையாவதும் உண்டு. முதுகையும் வாலடியையும் தடவும்போது கிளி உடம்பைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, மெல்லக் கீச்சிட்டால், நம் கையை அது இணையாகக் கொண்டுவிட்டது என்று பொருள். இது தொடர்ந்தால் ஆணே இல்லாமல் முட்டைமேல் முட்டையாக இட்டுச் சுண்ணாம்புச் சத்தை இழக்கும். முட்டை வழியில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தலையையும் கழுத்தையும் கோதுவதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

நம் கண்ணுக்கு எட்டாத செய்திகளும் இருக்கின்றன. பட்ஜியின் உச்சந்தலையிலும் கன்னத்திலும் உள்ள மஞ்சள் இறகுகள் புறஊதா ஒளியை உறிஞ்சி ஒளிர்கின்றன. அந்த ஒளிர்வைச் சன்ஸ்கிரீன் பூசி மறைத்தபோது எதிர்பால் பறவைகளுக்கு ஈர்ப்புக் குறைந்ததை 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாம் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்தப் பக்கம் நமக்கு மூடியேதான் இருக்கும்.

அத்தையின் கூண்டுக்கு வருகிறேன். நான்கு புறமும் திறந்த திண்ணையின் நடுவில் தொங்கியதால், அந்தக் கிளிக்கு முதுகைச் சாய்க்க ஒரு சுவர் இல்லை; காகம், பூனை, பருந்து என்று நாள் முழுதும் எல்லாப் பக்கமும் காவல் காத்தது. வீட்டின் உள்ளறையில், கண்மட்ட உயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிக் கூண்டை மாற்றச் சொன்னேன். இரவில் தென்னை மட்டை தகரத்தில் விழும் ஓசைக்குக் காக்டெயில்கள் மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும் என்பதால், மங்கலான விளக்கு ஒன்றையும் எரியவிடச் சொன்னேன். ஆனி பிறந்து பத்து நாள் கழித்துப் போனபோது வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. கிளி ஒற்றைக் காலில் நின்றது. கொண்டை பாதி சாய்ந்து, நுனி வளைந்திருந்தது. "மத்தியானம் ஆனா ஏதோ அரைக்கிற சத்தம் கேக்கு மக்களே, அதுக்கு மருந்து உண்டா?" என்று கேட்டார் அத்தை.