கழல வேண்டிய நேரத்தில் கழலும் பைண்டிங்: முதன்முறை பனிச்சறுக்கப் போகும் பிள்ளைக்குக் கருவி பார்ப்பது எப்படி

டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் தலைக்குந்தா புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கும். ஊட்டியில் இரவு வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும். ஆனால் இந்த உறைபனி காற்றிலுள்ள ஈரம் புல்நுனியில் படிந்து உறைவதால் வருவது. சில மில்லிமீட்டர் கனம்தான். வெயில் ஏறினால் போய்விடும். சறுக்குவதற்கு வானத்திலிருந்து விழுந்து அடுக்கடுக்காகச் சேர்ந்த பனி வேண்டும். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். காஷ்மீரின் குல்மார்க்கும் ஏறக்குறைய அதே உயரம்தான், சுமார் 2,650 மீட்டர். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில், குல்மார்க் இருப்பது 34 டிகிரியில். அதனால் அங்கே ஆளுயரப் பனி, இங்கே புல்நுனிப் பனி.

எனவே நீலகிரிப் பிள்ளை பனிச்சறுக்கு கற்க வேண்டுமானால் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் ஔலிக்கோதான் போக வேண்டும். முதல் தடவை யாரும் கருவிகளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காலை நெரிசலில், குளிரில், பத்து பேர் வரிசையில் நிற்கும்போது கைக்கு வந்த பூட்ஸையும் பலகையையும் மாட்டி அனுப்பிவிடுவார்கள். எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று பிள்ளைக்கே தெரிந்திருந்தால்தான் அந்த நேரத்தில் நிறுத்திக் கேட்க முடியும்.

பெற்றோர் எல்லோரும் முதலில் கேட்பது பலகையைப் பற்றித்தான். பார்க்கப் பெரிதாக, பளபளவென்று இருப்பது அதுதான். பார்க்க வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறு: முதலில் பூட்ஸ், அடுத்து பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் பைண்டிங், கடைசியில் பலகை.

பூட்ஸில்தான் நம் ஊர்ப் பழக்கம் பிள்ளையைக் கெடுக்கும். "வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷம் வரணும்" என்று பள்ளிச் சீருடையையும் ஷூவையும் ஒரு அளவு பெரிதாக எடுப்பது எல்லா வீட்டிலும் உண்டு. பனிச்சறுக்கு பூட்ஸில் இது ஆபத்து. தேயிலைத் தோட்டத்தில் தொளதொளப்பான கம்பூட்ஸ் போட்டு இறக்கத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும்: பாதம் முன்னே வழுக்கி விரல்கள் நுனியில் இடிக்கும், குதிகால் மேலே எழும்பும். சறுக்கும்போது பலகையைத் திருப்பும் கட்டளை முழங்காலிலிருந்து பூட்ஸ் வழியாகத்தான் போகிறது. பூட்ஸுக்குள் கால் ஆடினால் கட்டளை பாதியிலேயே நின்றுவிடும். பிள்ளை திருப்பியிருப்பாள், பலகை திரும்பியிருக்காது.

அளவு எடுப்பது எளிது. சுவரில் குதிகால் ஒட்ட நின்று, நீளமான விரலின் நுனிவரை அளக்க வேண்டும். அந்த சென்டிமீட்டரேதான் பூட்ஸின் அளவு, மாண்டோபாயிண்ட் என்பார்கள். பாதம் 24 சென்டிமீட்டர் என்றால் 24 அல்லது 24.5 எண் பூட்ஸ். பெரும்பாலான பூட்ஸ்களில் இந்த இரண்டுக்கும் வெளி ஓடு ஒன்றேதான். உள்ளே மெத்தையைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்னே தொடும்படி வைத்தால் குதிகாலுக்குப் பின்னால் 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மெத்தையோடு போட்டு நேராக நின்றால் விரல்கள் முனையை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்ததும் தொடுவது நின்றுவிட வேண்டும். மெல்லிய காலுறை ஒன்று போதும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு கால் இன்னும் குளிரும். பேண்டின் கீழ்முனையை பூட்ஸுக்குள் சொருகக் கூடாது. அந்த மடிப்பு அரை மணி நேரத்தில் கெண்டைக்காலில் தழும்பு போடும்.

இனி பைண்டிங். இதன் வேலை இரண்டு: பிடித்துக்கொள்வது, விட்டுவிடுவது. இரண்டாவதுதான் உயிர்நாடி.

ஒரு சாக்பீஸை இரு முனையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். வெகு எளிதாக உடையும். உடைந்த இடம் நேராக இருக்காது; திருகுபோல் சுற்றிக்கொண்டு போயிருக்கும். முறுக்கினால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் இப்படித்தான் சுருள் சுருளாக முறியும். பூட்ஸ் கணுக்காலை அசையவிடாமல் இறுக்கி வைத்திருப்பதால், அதில் மாட்டிய பலகை முழுவதும் அந்த எலும்பைத் திருகும் ஸ்பானராகிவிடுகிறது. 140 சென்டிமீட்டர் பலகையில் பூட்ஸின் நடுவிலிருந்து முன்நுனிவரை சுமார் 75 சென்டிமீட்டர். விழும்போது அந்த நுனி பனியில் சிக்கி, பக்கவாட்டில் வெறும் 4 கிலோ எடைக்குச் சமமான விசை பட்டால் போதும், காலில் 27 நியூட்டன் மீட்டரைத் தாண்டிய முறுக்கு ஏறிவிடும். 42 முதல் 48 கிலோ எடையுள்ள, கற்றுக்கொள்ளத் தொடங்கும் பிள்ளைக்கு பைண்டிங் விட்டுவிட வேண்டிய அளவு ஏறக்குறைய இதுதான்.

1937-ல் சறுக்கும்போது காலை உடைத்துக்கொண்ட ஹ்யால்மர் ஹ்வாம், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1939-ல் கழலும் பைண்டிங் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய பைண்டிங்கில் முன்துண்டு, பின்துண்டு என இரண்டு பாகம். முன்துண்டு பூட்ஸின் முனையைக் கவ்வியிருக்கும். முறுக்கு மிகுந்தால் பக்கவாட்டில் திறக்கும். பின்துண்டு குதியைக் கீழே அழுத்தியிருக்கும். ஆள் முன்னே கவிழ்ந்தால் மேல்நோக்கித் திறக்கும். முன்னே கவிழும் விசையை எலும்பு கூடுதலாகத் தாங்கும் என்பதால், அந்தத் திசைக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு வரை விட்டுவைக்கிறார்கள். இரண்டுக்குள்ளும் சுருள்வில் இருக்கிறது. அதன் இறுக்கத்தை ஒரு திருகால் கூட்டிக் குறைக்கலாம்; எவ்வளவு இறுக்கம் என்பது சிறு சன்னலில் எண்ணாகத் தெரியும். இதைத்தான் டின் எண் என்கிறார்கள்.

இந்த எண்ணை யாரும் மனம்போன போக்கில் வைப்பதில்லை. ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிலையில் அட்டவணை இருக்கிறது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்குபவரின் தரம் ஆகிய ஐந்தையும் கொடுத்தால் எண் வரும். எடையும் உயரமும் வேறு வேறு வரிசையில் விழுந்தால் சிறிய வரிசையை எடுக்க வேண்டும். உதாரணமாக 14 வயதுப் பிள்ளை, 44 கிலோ, 152 சென்டிமீட்டர். எடைப்படி 42–48 கிலோ வரிசை. உயரப்படி அதற்கு அடுத்த 149–157 சென்டிமீட்டர் வரிசை. எடையின் வரிசையே கணக்கு. இந்த எடைக்கு எண் 3-ஐ ஒட்டி, பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே வரும். பூட்ஸ் அடி நீளமாக இருந்தால் எண் குறையும். நெம்புகோல் நீண்டால் அதே முறுக்குக்குக் குறைந்த விசை போதும் அல்லவா? அந்த நீளம் பூட்ஸின் குதிப்பக்கச் சுவரிலேயே மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும்: 285 போல ஒரு மூன்றிலக்க எண். காலின் அளவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஐந்தாவது கேள்வியில்தான் பதின்ம வயதுப் பிள்ளைகள் பொய் சொல்வார்கள். தரம் மூன்று வகை: நிதானமாகப் போகும் முதல் வகை, நடுத்தரமான இரண்டாம் வகை, வேகமாகப் போகும் மூன்றாம் வகை. நண்பர்கள் பக்கத்தில் நிற்கும்போது "நல்லா ஓட்டுவேன்" என்று சொன்னால் ஒரு வரிசையோ இரண்டு வரிசையோ இறுக்கம் ஏறிவிடும். விழும்போது பைண்டிங் விடாது. எடையைக் குறைத்துச் சொன்னால் எதிர்விளைவு: திரும்பும்போதே காரணமின்றிக் கழன்று தள்ளிவிடும். ஊட்டியிலேயே எடை பார்த்து, உயரம் அளந்து, "முதல் வகை" என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே பேச்சு வேண்டாம், தாளை நீட்டினால் போதும்.

பைண்டிங்குக்கும் ஒரு வரம்பு உண்டு. பெரியவர்களுக்கான பல பைண்டிங்குகள் 3 அல்லது 4-ல்தான் தொடங்கும். மேலே சொன்ன பிள்ளைக்கு அதை வைக்கவே முடியாது. 2-லிருந்து 7 வரை போகும் இளையோர் பைண்டிங் கேட்க வேண்டும். சிறுவர் பூட்ஸின் அடி பெரியவர் பூட்ஸின் அடியைவிட மெல்லியது என்பதையும் கவனியுங்கள். சிறுவர் பூட்ஸைப் பெரியவர் பைண்டிங்கில் மாட்டினால் "க்ளிக்" சத்தம் கேட்கும், ஆனால் கவ்வல் சரியாக இருக்காது. பதின்மூன்று, பதினான்கு வயதில் கால் இந்த இரண்டு வகைக்கும் நடுவில்தான் நிற்கும். இரண்டு அடிகளையும் ஏற்கும் பைண்டிங்கும் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டிய பிறகு பார்க்க வேண்டியது: இரண்டு பலகையிலும் முன்னும் பின்னுமாக நான்கு சன்னல்கள், நான்கிலும் அட்டவணைப்படி வந்த டின் எண் இருக்கிறதா? பின்துண்டு பூட்ஸை முன்னோக்கி அழுத்தும் அளவைக் காட்டும் குறி அதன் கோட்டுக்குள் நிற்கிறதா? பூட்ஸின் நீளத்துக்கேற்ப பின்துண்டை நகர்த்தாமல் விட்டால் இந்தக் குறி வெளியே போய்விடும். பிறகு டின் எண் எதுவாக இருந்தும் பயனில்லை.

எல்லாம் சரியாக வைத்தும் பைண்டிங் ஏன் ஏமாற்றுகிறது? பெரும்பாலும் பூட்ஸுக்கு அடியில் ஒட்டிய பனி. முன்பாதத்துக்குக் கீழே வழவழப்பான ஒரு தகடு இருக்கும். கழலும் நேரத்தில் பூட்ஸ் அதன்மேல் பக்கவாட்டில் வழுக்க வேண்டும். அரை சென்டிமீட்டர் பனிக்கட்டி அங்கே இருந்தால் பூட்ஸ் மேலே தூக்கி முன்துண்டில் அடைத்துக்கொள்ளும். கல்லிலும் தாரிலும் நடந்து தேய்ந்த அடியும், தகட்டில் ஏறிய மணலும் இதே வேலையைச் செய்யும். மாட்டும் முன் ஒவ்வொரு முறையும், சறுக்கும்போது கையில் பிடிக்கும் தடியின் நுனியால் பூட்ஸின் அடியைச் சுரண்ட வேண்டும். ஒவ்வொரு முறையும்.

பைண்டிங்கால் முடியாததும் ஒன்று உண்டு. 1970-களுக்குப் பிறகு காலெலும்பு முறிவு வெகுவாகக் குறைந்தது. முழங்கால் தசைநார் கிழிவது அந்த அளவு குறையவில்லை. பின்னால் உட்கார்ந்தபடி முறுக்கி விழும்போது வழக்கமான பைண்டிங் உணர்வதில்லை. அதனால் கைகள் எப்போதும் முன்னே, விழுந்தால் சறுக்கிப் போவது முழுதாக நிற்கும்வரை எழ முயலக் கூடாது. இதைப் பிள்ளைக்கு ஊரிலேயே சொல்லிவைக்கலாம்.

பலகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்திப் பிடித்தால் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் முடிய வேண்டும். 152 சென்டிமீட்டர் பிள்ளைக்கு 130 முதல் 140. குட்டையானது சீக்கிரம் திரும்பும், நீளமானது வேகத்தில் நிலையாக நிற்கும். தொடங்குபவளுக்குத் திரும்புவதே தேவை. நடுவில் அகலம் 65 முதல் 75 மில்லிமீட்டர். பலகை உடுக்கை போல இடுப்பு ஒடுங்கியிருப்பதைக் கவனியுங்கள்: ஒருக்களித்துச் சாய்த்தால் அந்த வளைந்த ஓரம் பனியில் பதிந்து, வட்டத்தின் ஒரு துண்டை வரைந்தபடி தானே திரும்பும். கையால் அழுத்தினால் எளிதில் வளைய வேண்டும். விறைத்த பந்தயப் பலகை 44 கிலோவுக்கு வளைந்து கொடுக்காது. பைண்டிங்கோடு இருக்கும் பிரேக் கம்பிகள் பலகையின் இரு ஓரத்தையும் தாண்டிக் கீழே இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். பூட்ஸ் கழன்றதும் அவைதான் பலகை ஆளில்லாமல் சரிவில் பறந்து யார் காலிலாவது அடிக்காமல் நிறுத்துபவை.

பழைய கருவியை யாராவது இனாமாகக் கொடுத்தாலும் பைண்டிங் பழையதென்றால் வாங்க வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் வயதாகி, சுருள்வில் தளர்ந்திருக்கும். அடுத்த குளிர்காலத்துக்கு மறுபடி போவதாக இருந்தால் பழைய தாளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு வருடத்தில் பிள்ளை 5 கிலோ ஏறி, கால் ஒரு சென்டிமீட்டர் நீண்டிருந்தால் எடையின் வரிசையும் மாறும், பூட்ஸ் அடியின் நீளமும் மாறும். தராசிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.