கேமராப் பை வாங்கும்போது கொக்கியைப் பாருங்கள்

குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் படம் எடுக்கப் போன ஒரு வருஷம். சூரசம்ஹாரம் முடிந்து, நள்ளிரவு தாண்டி, கடற்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். காளி வேஷம், குறவன் குறத்தி வேஷம், மேளச் சத்தம் என்று நகர முடியாத நெரிசல். திடீரென்று தோளில் கனம் குறைந்தது. அந்த நொடி சுகமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி 'தொப்' என்று ஒரு சத்தம். இரண்டடி தள்ளி மணலில் விழுந்திருந்தால் தப்பித்திருப்பேன். பை விழுந்தது சிமென்ட் தரையில். கேமராவில் மாட்டியபடியே இருந்த லென்ஸின் மவுண்ட், அதாவது கேமராவோடு பூட்டும் வளையம், வளைந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஆன செலவு, பையின் விலையைப் போல இரண்டு மடங்கு.

பை சாதாரணப் பை இல்லை. பெயர் பெற்ற கம்பெனி, அன்றைக்கே ஐயாயிரத்துச் சொச்சம். வீட்டுக்கு வந்து பார்த்தால் துணி கிழியவில்லை, தையல் பிரியவில்லை, ஜிப் போட்டது போட்டபடி இருக்கிறது. தோள் வாரையும் பையையும் இணைக்கும் கொக்கி மட்டும் உடைந்திருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக். வாங்கும்போது எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று எண்ணினேன், ட்ரைபாடு மாட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்தக் கொக்கியை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

நெல்லையைச் சுற்றிக் கல்யாணம், கோயில் கொடை, அவ்வப்போது பத்திரிகைகளுக்காகப் பயணம் என்று பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் படம் எடுக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் வாராவாரம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, கம்மி விலையில ஊருக்கு எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு சைடு பேக் சொல்லுங்க." கம்பெனி பெயரும் மாடல் நம்பரும் எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "தராசு இருக்கா?"

கிண்டல் இல்லை. பையைத் தேடும் முன், பையில் வைக்கப்போவதை எடை போட வேண்டும். என்னுடைய கணக்கையே சொல்கிறேன். நிக்கான் டி750 கேமரா பேட்டரியோடு 840 கிராம். 24-120 லென்ஸ் 710 கிராம். 50 எம்எம் லென்ஸ் 185. இதோடு நிறுத்தினால் ஒன்றே முக்கால் கிலோ. ஆனால் நாம் நிறுத்துவதில்லையே! 'எதற்கும் இருக்கட்டும்' என்று தூரத்துப் படத்துக்கான 70-200 லென்ஸும் ஏறும். அது ஒன்றரைக் கிலோ. ஃபிளாஷும் அதன் நான்கு செல்லும் சேர்ந்தால் அரைக் கிலோவை நெருங்கும். சார்ஜர், பவர் பேங்க், அரை லிட்டர் தண்ணீர். கடைசியில் பையின் சொந்த எடை. தடித்த ஃபோம் வைத்த பெரிய பை காலியாகவே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். கூட்டிப் பாருங்கள், ஆறு கிலோ வந்துவிடும். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) வாங்கிவிட்டேன், எனக்கு இந்தக் கவலை இல்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேமரா பாடிதான் இளைத்திருக்கிறது, நல்ல ஜூம் லென்ஸ்கள் பலவும் இன்னும் கனம்தான்.

என் அனுபவத்தில் தோள்பைக்கு எல்லை, பையோடு சேர்த்து நாலு கிலோ. அதற்கு மேல் போனால் முதுகுப்பைதான் சரி. ஒரு பக்கத் தோளில் ஆறு கிலோவை நாள் முழுக்கச் சுமந்தால், உடம்பு தானாக மறுபக்கம் சாய்ந்து ஈடுகட்டும். நாலு நாள் திருவிழா முடிவதற்குள் கழுத்துப் பக்கம் கல்லாகிவிடும். எங்கள் தொழிலில் நாற்பதைத் தொட்டவர்கள் நின்று பேசும்போது கவனியுங்கள், பாதிப் பேருக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கும். நாலு கிலோவுக்குள் இருந்தாலும் வாரைக் குறுக்கே போட்டுக்கொள்ளுங்கள், மணிக்கு ஒருமுறை தோள் மாற்றுங்கள். வார் குறைந்தது மூன்று விரல் அகலம் வேண்டும். தோள் பதியும் இடத்தில் வழுக்காத ரப்பர் பட்டை இருந்தால், வழுக்குகிறதே என்று தோளை உயர்த்தியே நடக்கும் அவஸ்தை இருக்காது.

சரி, எடை தெரிந்துவிட்டது. இனி பணம்.

கேமராப் பை என்று பெயர் ஒட்டியதையே வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இன்றைக்கு ஒரு நல்ல லென்ஸின் விலைக்கு விற்கும் பில்லிங்ஹாம் பைகளின் கதையே இதற்குச் சாட்சி. 1973-இல் இங்கிலாந்தில் தொடங்கிய அந்தக் குடும்ப நிறுவனம் முதலில் தைத்தது தூண்டில்காரர்களுக்கான மீன்பிடிப் பைகள். நியூயார்க்கில் புகைப்படக்காரர்கள் அந்தப் பைகளை வாங்கிக் கேமராவை வைத்துக்கொள்வது தெரிந்த பிறகுதான் அவர்கள் கேமராப் பக்கம் திரும்பினார்கள். ஆக, தண்ணீர் உள்ளே போகாத, தோளில் உறுதியாகத் தொங்குகிற, கையை உள்ளே விட்டதும் சாமான் கிடைக்கிற பை எதுவானாலும் போதும். ஃபோம் தடுப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

சிக்கனமாக முடிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: கெட்டியான கேன்வாஸ் அல்லது நைலான் தோள்பை ஒன்று, அதற்குள் இறக்கிவைக்க 'இன்சர்ட்' என்ற பெயரில் விற்கும் தடுப்புப் பெட்டி ஒன்று. இரண்டும் சேர்ந்தே பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. பார்த்ததும் இது கேமராப் பை என்று யாருக்கும் தெரியாது. கம்பெனிப் பெயரைப் பெரிதாகப் பொறித்த கறுப்புப் பை, உள்ளே லட்ச ரூபாய் இருக்கிறது என்று தண்டோரா போடுகிற மாதிரி. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ரயிலில் போகும்போது கேமராவைத் துண்டில் சுற்றி ஜோல்னாப் பையில் போட்டு, மேலே ஒரு வாரப் பத்திரிகையைச் செருகிக்கொள்வார். ஒருநாளும் தொலைத்ததில்லை. துண்டு மட்டும் இரண்டு மூன்று தடவை தொலைந்திருக்கிறது.

இன்சர்ட் வாங்கும்போது கட்டைவிரலால் ஃபோமை அழுத்துங்கள். விரலை எடுத்ததும் உடனே எழும்ப வேண்டும், ஆனால் இட்லி மாதிரி மெத்தென்று அமுங்கக் கூடாது. மட்டமானவற்றில் நடுவே அட்டையை வைத்து இருபுறமும் மெல்லிய பஞ்சு ஒட்டியிருப்பார்கள். ஒரு மழையில் அட்டை ஊறி நைந்துபோகும். அடிப்பக்க ஃபோம் முக்கியம். பையை 'டொக்'கென்று கீழே வைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அப்புறம், ஆன்லைனில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் வெளி அளவு. ஃபோம் தடிமன் போக உள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறையும். லென்ஸ் மாட்டிய கேமராவின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போய், உள் அளவோடு ஒப்பிடுங்கள்.

இப்போது கொக்கி. வாரின் இரு முனையிலும் இருக்கும் கொக்கி உலோகமா என்று பாருங்கள். உலோகத்திலும் காந்தம் ஒட்டாமல், எடை இல்லாமல், முலாம் மட்டும் பளபளப்பவை உண்டு. அவை பிளாஸ்டிக்கைவிடப் பெரிதாக மேல் இல்லை. கொக்கி மாட்டும் வளையத்தில் வாய் சேரும் இடத்தில் இடைவெளி தெரியக் கூடாது. வளையத்தைப் பிடித்திருக்கும் பட்டை பையின் அடிவரை இறங்கிப் போய்ச் சுற்றி வந்தால் உத்தமம். விளிம்பில் மட்டும் ஒட்டுப்போட்டதுபோல் தைத்திருந்தால், கட்டமும் உள்ளே பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடவில்லையா? பையை விட்டுவிட வேண்டாம். என் இரண்டாவது பையை வாங்கிய அன்றைக்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பை நல்ல பைதான் தம்பி, ஒத்தைத் தையல்ல ஓட்டி விட்ருக்கான்" என்றார். மெழுகு தேய்த்த நைலான் நூலால் நான்கு முனையையும் இறுக்கித் தைத்து, பழைய கொக்கிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, டிராவல் பேக்கிலிருந்து எடுத்த கனத்த இரும்புக் கொக்கிகளைப் போட்டுக் கொடுத்தார். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. துணி வெளுத்துவிட்டது, அந்தத் தையல் இன்றுவரை அசையவில்லை.

ஜிப்புக்கு ஒரு சின்னச் சூட்சுமம். ஓடும் தலையின் பின்பக்கம் திருப்பினால் பெரும்பாலும் ஓர் எண் பொறித்திருக்கும். 3 என்றால் பென்சில் பாக்கெட்டுக்கு ஆகும். பெரிய வாய்க்குக் குறைந்தது 5 வேண்டும், 8 இருந்தால் நல்லது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண்ணில் ஒரு நாள் சுற்றிப் பாருங்கள், ஜிப்பின் அருமை தெரியும். மாவு மாதிரி மணல் பல்லுக்குள் புகுந்து நடுவழியில் இறுகிவிடும். பழைய டூத்பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மறுபடி ஓடும். எண்ணெய் போடாதீர்கள், அது இன்னும் மணலைக் கூட்டிச் சேர்க்கும்.

வெல்க்ரோ மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓதுவார் கண்மூடித் தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போது நான் ஒருமுறை லென்ஸ் மாற்றப் பையைத் திறந்தேன். அந்தச் 'சர்ர்ர்' சத்தத்துக்கு சந்நிதியே திரும்பிப் பார்த்தது.

கடையில் வாங்குவதாக இருந்தால் கருவிகளைக் கையோடு கொண்டுபோங்கள். நிரப்பி, மாட்டி, கடைக்குள்ளேயே பத்து நிமிஷம் நடங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். செருப்பு வார் போடுகிற மாதிரி சட்டென்று குனியுங்கள். பை முன்னால் பாய்ந்து வருகிறதா? மூடி திறந்திருக்கும்போது குனிந்தால் லென்ஸ் எட்டிப் பார்க்கிறதா? ஒற்றைக் கையால் திறந்து மூட முடிகிறதா? மூடி உங்கள் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத் திறப்பது வசதி. உடம்பை நோக்கித் திறந்தால் மூடிக்கும் வயிற்றுக்கும் நடுவில் கையை நுழைக்க வேண்டியிருக்கும். செகண்ட் ஹேண்ட் பை என்றால் உள்ளே மூக்கை விட்டு முகருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உள்பூச்சு பிசுபிசுத்தாலும், செதில் செதிலாக உதிர்ந்தாலும் அப்படியே. அந்தத் துகள் நேராக சென்சாருக்குத்தான் போகும்.

பயணத்தில் பையை எங்கே வைப்பது? பஸ்ஸில் மடியில். மேலே கம்பித் தட்டில் வைத்தால் பிரேக்கில் விழும் பயம் ஒன்று. கேமராவுக்கு அதிர்வு இன்னொன்று. எட்டு மணி நேரம் விடாமல் அதிர்ந்தால் லென்ஸின் சின்னத் திருகாணிகள் தளரக்கூடும். கால் வைக்கும் தரையிலும் அதே அதிர்வுதான். ரயிலில் தூங்கும்போது தலைமாட்டில் வைத்து, வாரைக் கைக்குள் சுற்றிக்கொள்வேன்.

விமானம் என்றால் உதிரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-அவருக்குள் (பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. வழக்கமான 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-அவர்தான். பேட்டரி முனைகளை மூடியோ டேப்போ போட்டு மறையுங்கள், சில்லறைக் காசோடு சேர்த்துப் போடாதீர்கள். சென்னை-தூத்துக்குடி போன்ற தடங்களில் ஓடும் சிறிய ஏடிஆர் விமானங்களில் மேல் அடுக்கு குறுகல், பெரிய கைப்பெட்டியை வாசலிலேயே வாங்கிக் கீழே ஏற்றிவிடுவதுண்டு. சின்னத் தோள்பை என்றால் முன் இருக்கைக்கு அடியில் போய்விடும். எனக்கு முதுகுப்பையைவிடத் தோள்பை பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு சொன்ன பிறகும், வருஷா வருஷம் என்னிடம் வரும் கெட்டுப்போன லென்ஸ்களில் விழுந்து உடைந்தவை குறைவு. பூஞ்சை பிடித்தவைதான் அதிகம். அதற்கும் பைதான் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து நனைந்து வேலை பார்த்திருப்போம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அப்பாடா என்று பையை அப்படியே மூடி பீரோவில் வைத்துவிடுவோம். ஃபோம் குடித்து வைத்திருக்கும் ஈரம், இருட்டு, காற்றோட்டமின்மை. பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தை பிறந்து எடுத்துப் பார்த்தால் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். என்னுடைய முதல் 50 எம்எம் அப்படித்தான் போனது. நாளானால் அது கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது.

பை பயணத்துக்கு மட்டும். ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். சின்ன ஈரமானி ஒன்றும் உள்ளே கிடக்கட்டும். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். இதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் குறைந்த தீயில் வறுத்தால் நீலம் திரும்பும். அந்த நீலச் சாயம் உடம்புக்கு ஆகாது. சமையல் வாணலியில் வேண்டவே வேண்டாம்.

காலிப் பைக்கும் வெயில் வேண்டும். மார்கழி பிறந்தால் என் பை மொட்டைமாடிக் கொடியில், தடுப்பெல்லாம் பிரித்து, வாயை அகலத் திறந்துகொண்டு தொங்கும். பக்கத்து வீட்டு அக்கா வடகம் போட வரும்போதெல்லாம், "ஏம்ப்பா, இதை இன்னும் தூக்கிப் போடலையா?" என்று கேட்பார்.